யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் மன்னாரும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், மன்னாரின் அயல் மாவட்டமான கிளிநொச்சியில், அறிவியல் நகரில் இயங்கும் அரச பீடம். 2014 இல் முதல் அணி மாணவரைச் சேர்த்தது. குடிசார், மின், கணினி, இயந்திரவியல் துறைகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. உள்நாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அனுமதி முறையைப் பொறுத்தவரை, பிரான்சின் அரச பொறியியற் பள்ளிகள் பல போட்டித் தேர்வின் தரவரிசைப்படி மாணவரைச் சேர்க்கின்றன. இலங்கையிலும் உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் புள்ளியே அளவுகோல். ஆயினும் 40 வீத இடங்களே நாடளாவிய தரவரிசைக்கு உரியவை. 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி பகிரப்படுகிறது. 5 வீதம் மன்னார் உள்ளிட்ட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதலாகச் செல்கிறது.

இம்முறை திறமையைப் பின்தள்ளுகிறது என்பர் சிலர். ஆனால் புள்ளி மாணவரின் ஆற்றலை மட்டும் காட்டுவதில்லை. பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இருந்தாரா என்பதையும் காட்டுகிறது. போரில் மக்கள் இடம்பெயர்ந்த மன்னார்க் கரையோரத்தையும் கொழும்பையும் ஒரே தரவரிசையில் நிறுத்துவது சமநீதி ஆகாது. மேலும், அனுமதியில்தான் சலுகை. பீடத்தில் தேர்வும் பட்டமும் எல்லோருக்கும் ஒன்றே. ஒதுக்கீட்டில் படித்தவர் ஊர் திரும்புவார் என்பதற்கு உறுதியில்லை என்பது வலுவான மறுப்பு. அது ஒதுக்கீட்டின் குறையன்று, வேலைவாய்ப்பின் குறை. ஆனால் ஊரில் தேவை உண்டு: மன்னார்த் தீவில் 2020 இல் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாற் தம்பபவனி நிலையமும், அதையொட்டி வெள்ள வடிகால், வலசைப் பறவைகள் பற்றி மக்கள் எழுப்பும் கேள்விகளும் மண்ணறிந்த பொறியியலாளரின் தேவையை உணர்த்துகின்றன.