மலபார் குன்றில் ஒரு மாலை

மும்பை செல்லும் அன்பர்கள் மலபார் ஹில்லில் வாலகேசுவரரைத் தரிசித்து, தொங்கும் தோட்டத்தையும் பார்த்து வருவார்கள். செல்வந்தர்கள் வாழும் அந்தக் குன்றுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு.

1925 ஜனவரி 12 மாலை. இந்தூர் மகாராஜாவை விட்டு விலகி வந்த நடனமணி மும்தாஜ் பேகத்துடன் வணிகர் அப்துல் காதர் பாவ்லா காரில் சென்றார். மற்றொரு கார் வழிமறித்தது. பாவ்லா சுட்டுக் கொல்லப்பட்டார். மும்தாஜின் முகம் கத்தியால் கிழிக்கப்பட்டது. கோல்ஃப் ஆடித் திரும்பிய ஆங்கில ராணுவ அதிகாரிகள் தற்செயலாக அங்கே வந்து, கோல்ஃப் மட்டையாலேயே எதிர்த்து அவரைக் காப்பாற்றினர்.

பிடிபட்டவர்களில் பலர் இந்தூர் அரசின் ஊழியர்கள். மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணைக் கமிஷனா, முடிதுறப்பா என்று அரசாங்கம் கேட்டபோது, 1926-ல் மகாராஜா துக்கோஜி ராவ் ஹோல்கர் மகனுக்காக அரியணையை விட்டு இறங்கினார். கமிஷன் கூடவே இல்லை.

ஊழியர்களுக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஏவியது யார் என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், திரும்பமாட்டேன் என்று ஒரு பெண் உறுதியாக நின்றதால் ஒரு சிம்மாசனமே ஆட்டம் கண்டது.