கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா? பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க

காலை மணி 7.30. வேலைக்குக் கிளம்பணும். பட்டனை அழுத்தினால் "டிக்... டிக்..." சத்தம் மட்டும்தான். நான்காவது முயற்சியில் ஒருவழியாக இன்ஜின் உயிர்பெறுகிறது.

"பேட்டரி போயிருக்கும், மாத்திடலாம்." பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றினால் பணம் கரையும். கோளாறு அப்படியே இருக்கும்.

முதல் கேள்வி: இன்ஜின் சுத்துதா?

ஸ்டார்ட் செய்யும்போது உள்விளக்கையும் முன்விளக்கையும் போட்டு வைத்துக் கவனியுங்கள்.

- விளக்கு மங்கி, "டிக் டிக்" சத்தம் அல்லது மந்தமான சுழற்சி: பேட்டரி பலவீனம், அல்லது அதன் முனைகளில் தளர்வு, உப்புப் படிவு.
- விளக்கு பிரகாசமாகவே இருக்கிறது, ஒரே ஒரு "டக்" சத்தம்: ஸ்டார்ட்டர் மோட்டார்மீது சந்தேகப்படலாம்.
- சத்தமே இல்லை: கியர் 'பி'யில் இருக்கிறதா, பிரேக்கை நன்றாக மிதித்தீர்களா, சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில் சுமார் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்கும் கீழே போனால் சார்ஜ் தீரும் நிலை.

இன்ஜின் ஓடும்போது மறுபடியும் அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை காட்டும். 12 பக்கமே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அப்போது புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் பழைய கதைதான்.

நம்மூர் வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சின்னச் சின்னப் பயணங்களும், நிறுத்திய பிறகும் பதிவுசெய்யும் டேஷ்கேமும் அதை மேலும் சோர்வடையச் செய்யும்.

நல்லா சுத்துது, ஆனா பத்திக்கல?

பெட்ரோல் இன்ஜினுக்கு எரிபொருள், காற்று, தீப்பொறி, போதிய அழுத்தம் நான்கும் வேண்டும். எப்போது சிரமம் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

- இரவு முழுக்க நின்ற பிறகு: எரிபொருள் அழுத்தம் இறங்கியிருக்கலாம். பிரேக்கை மிதிக்காமல் 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்து, 2 விநாடி பொறுத்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தபிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கும்.
- சூடான இன்ஜினை நிறுத்திவிட்டுச் சில நிமிடத்தில் திரும்பும்போது: கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார், வெப்பநிலை சென்சார் அல்லது கசியும் இன்ஜெக்டர்.
- எப்போதுமே சிரமம், ஓட்டும்போதும் நடுக்கம்: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில்.
- சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால்: கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை.

இதைச் செய்யாதீங்க

ஒரே மூச்சில் 10 விநாடிக்குமேல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும்.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது கறுப்புக் கம்பியின் கடைசி முனையைத் தீர்ந்த பேட்டரியில் மாட்டாதீர்கள். இன்ஜினின் வெறும் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வெளிவரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கலாம். ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் கையேட்டில் சொன்னபடி மட்டுமே செய்யுங்கள்.

பேட்டரி ஏறட்டும் என்று கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவதும் கூடாது. சிங்கப்பூரில் அது குற்றம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

பட்டறையில் என்ன சொல்வது?

"ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா, என்ன சத்தம், எந்த விளக்கு எரிந்தது, பேட்டரி எப்போது மாற்றியது என்று குறித்துக்கொடுங்கள். முடிந்தால் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். மெக்கானிக்கிட்ட போனதும் கார் சமர்த்தா ஸ்டார்ட் ஆகிறது அடிக்கடி நடக்கிற விஷயம்!

விரைவுச்சாலையில் நின்றுபோனால் ஆராய்ச்சி வேண்டாம். அபாய விளக்கைப் போட்டுவிட்டு, போக்குவரத்தைப் பார்த்து இறங்கித் தடுப்புக்குப் பின்னால் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் காரை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும். மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.