எச்.ஐ.வி. உள்ளவர்களும் குடல் ஒட்டுண்ணிகளும்

வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் தானாக நின்றுவிடும் என்று நாம் இருந்துவிடுகிறோம். எச்.ஐ.வி. உள்ளவர் விஷயத்தில் அப்படி இருந்துவிடக் கூடாது.

கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா ஆகியவை கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள். மலம் கலந்த நீர், உணவு, கழுவாத கை வழியாக வாய்க்குள் போகின்றன. நல்ல உடம்பு இவற்றைப் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் வெளியேற்றிவிடும். சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கியவருக்கோ போக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். எடை குறையும், உடலில் நீர் வற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்நீர் மூலம் கிரிப்டோஸ்போரிடியம் பரவி, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். குளோரின் இந்த ஒட்டுண்ணியை எளிதில் கொல்லாது, சானிடைசரும் கொல்லாது. தண்ணீரை நன்கு கொதிக்க வைத்தால் செத்துவிடும்.

சாதாரண மலப் பரிசோதனையில் இவை தப்பிவிடலாம். தனிச் சாயமிட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிஸ்டோஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் நல்ல மருந்து. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு முதன்மையான சிகிச்சை ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துதான், எதிர்ப்புச் சக்தி ஏறினால் போக்கு அடங்கும். நம் நாட்டில் 2004 முதல் அரசு மையங்களில் இது இலவசம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

வீட்டில் கொதித்து ஆறிய நீரையே கொடுங்கள். இஸ்தின்ஜாவுக்குப் பிறகும் உணவுக்கு முன்பும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே சஹனில் உண்பதால் எச்.ஐ.வி. பரவாது. ஆனால் ஒட்டுண்ணி பரவலாம். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ளவர் யாராயினும் குணமாகும்வரை தனித்தட்டு நல்லது. குணமானபின் அவரைப் பழையபடி சஹனில் உட்கார வையுங்கள்.

போக்கு நிற்காதவர் தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. நேரம் வந்தபின் ஒளு செய்து தொழலாம். நோன்பு முடியாவிட்டால் விட்டுவிட்டு, குணமானபின் களா செய்யலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இது.

வீட்டார் ஒதுக்குவார்கள் என்ற பயத்தில்தான் பலர் போக்கை வெளியே சொல்வதில்லை. அதற்குள் உடம்பு தேய்ந்துவிடுகிறது. பிறர் குறையை மறைப்பது நம் கடமை. நோயையே மறைக்கும்படி ஒருவரை அஞ்ச வைப்பது பாவம். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. அவரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.