மானின் வழியில் மனிதனின் வேலி

மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஒரு விலங்கை நான்கு அடி உயரக் கம்பிவேலி தடுத்து நிறுத்திவிடும் என்றால் நம்ப முடிகிறதா? வட அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் வாழும் பிராங்ஹார்ன் என்னும் மான் அப்படிப்பட்ட விலங்குதான். தோற்றத்தில் நம் நாட்டு வெளிமானை நினைவூட்டினாலும் இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனமும் இதுவே. மரம் செடி மிகுதியாக இல்லாத திறந்த வெளியில் நெடுங்காலம் வாழ்ந்ததால், பகையைக் கண்டால் ஓடித் தப்பப் பழகியதே தவிர, எதையும் தாண்டிக் குதிக்க இது பழகவில்லை. வேலி குறுக்கிட்டால் அதன் அடியில் நுழைந்து போகவே பார்க்கும். அடிக்கம்பி தரையோடு ஒட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஓரிடத்திலேயே ஆண்டு முழுவதும் வாழும் விலங்கு என்றால் இது பெரிய தொல்லை ஆகாது. ஆனால் பிராங்ஹார்ன், கோவேறு கழுதையைப் போல் நீண்ட காதுகளையுடைய மியூல் மான், பெரிய உடலுடைய எல்க் ஆகிய மூன்றும் ஆண்டுக்கு இருமுறை வலசை போகிறவை. இவற்றின் வழியைக் காக்க அமெரிக்க அரசு மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு சுமார் ஒன்றரை நூற்றாண்டு நீளமுடையது. முதலில் விலங்கைக் காத்தார்கள்; பிறகு அது வாழும் இடத்தைக் காத்தார்கள்; கடைசியில்தான் அது போகும் வழியைக் காக்க வேண்டும் என்பது புரிந்தது.

ஏன் வலசை போகின்றன?

இது ஒரு வரவுசெலவுக் கணக்கு. குளிர்காலத்தில் மலைமேல் பனி பல அடி உயரத்துக்குக் குவிகிறது. அதைக் காலால் விலக்கிப் புல்லைத் தேடச் செலவாகும் ஆற்றல், அந்தப் புல் தரும் ஆற்றலை மிஞ்சிவிடும். குளிரில் உடல் இழக்கும் வெப்பம் தனி. வரவைவிடச் செலவு மிகுந்தால், கோடையில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. அதுவும் தீர்ந்தால் சாவுதான். ஆகவே பனி குறைந்த தாழ்நிலங்களுக்கு அவை இறங்கி வருகின்றன. வசந்தத்தில் பனி உருகும்போது இளம்பசுமை கீழிருந்து மேலாக, அலை போல் மலையில் ஏறுகிறது. இளம்புல்லில் புரதம் அதிகம், எளிதில் செரிக்கும். அந்த அலையோடு விலங்குகளும் ஏறுகின்றன.

நேர்கோட்டு எல்லைகள்

1872ல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதன் எல்லைகளைப் படத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடுகளாகவே வரைந்தார்கள். வெந்நீர் ஊற்றுகளைக் காப்பதே அன்றைய முதல் நோக்கம். பூங்காவுக்குள் கோடையில் மேயும் எல்க் கூட்டங்கள் குளிர்காலத்தில் அக்கோடுகளைத் தாண்டித் தாழ்நிலத்துக்குச் செல்லும் என்பதை யாரும் எண்ணவில்லை.

இக்குறையை 1882லேயே சுட்டிக் காட்டியவர் ஒரு படைத்தளபதி. ஜெனரல் பிலிப் ஷெரிடன், பூங்காவைக் கிழக்கே 40 மைலும் தெற்கே 10 மைலும் விரிவாக்கி வனவிலங்குகளுக்குப் புகலிடம் தர வேண்டும் என்றார். காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. 1891ல் குடியரசுத் தலைவர் ஹாரிசன் பூங்காவை ஒட்டிய கிழக்கு, தெற்குப் பகுதிகளை ஒதுக்கப்பட்ட காடாக அறிவித்தார். அந்நாட்டின் முதல் ஒதுக்கக் காடு அதுவே.

அதற்குள் வேட்டை பேரழிவை விளைவித்திருந்தது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. 1920களில் எடுத்த கணக்கின்படி பிராங்ஹார்ன் மான்கள் சுமார் 30,000 மட்டுமே இருந்தன. 1900ல் வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937ல் வந்த மற்றொரு சட்டம், துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கியது. இவற்றின் பயனாக எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது.

ஆயினும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாக்சன் பள்ளத்தாக்கு சான்றாயிற்று. எல்க்குகளின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தைப் பண்ணைகளும் ஊரும் பிடித்துக்கொண்டன. அவை பட்டினியால் மடியவே, 1912ல் அரசு அங்கே தேசிய எல்க் புகலிடத்தை அமைத்தது; வைக்கோல் போட்டு அவற்றைக் காப்பாற்றியது. இரக்கமுள்ள செயல்தான். ஆனால் ஆயிரக்கணக்கான விலங்குகளை ஓரிடத்தில் நெருக்கி நிறுத்தித் தீனி போட்டால் தொற்றுநோயும் எளிதில் பரவும். அடைபட்ட வழிக்குத் தீனித்தொட்டி ஈடாகாது என்ற பாடத்தை அந்நாடு மெதுவாகத்தான் கற்றது.

சதுரங்கப் பலகையும் ஒரு வழக்கும்

வயோமிங் மாநிலத்தின் தென்பகுதிப் படத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகை போல் இருக்கும். 1862ல் இரயில் பாதை போட முன்வந்த கம்பெனிக்கு ஊக்கமாக, பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலங்களை அரசு வழங்கியது. இடைப்பட்ட சதுரங்கள் அரசிடமே தங்கின. ஒரு சதுரம் தனியாருடையது, அடுத்தது பொதுமக்களுடையது என்ற இந்த அமைப்பு இன்றும் உள்ளது.

இங்கே ராலின்ஸ் நகருக்கு அருகிலுள்ள ரெட் ரிம் என்ற இடத்தில் பண்ணையார் ஒருவர் 28 மைல் நீளக் கம்பிவலை வேலி போட்டார். வேலி முழுவதும் தம் நிலத்திலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டார். ஆனால் அது வளைத்த 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஏறக்குறைய 9,600 ஏக்கர் பொது நிலம். அதுவே பிராங்ஹார்ன் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலமும் ஆகும். 1983ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வந்த மான்கள் வேலியோரம் தேங்கி நின்றன. பட்டினியால் பல மடிந்தன.

வழக்கு நீதிமன்றம் சென்றது. கைக்குக் கிடைத்த சட்டமோ நூறு வயதானது. பெரும் மாட்டுப்பண்ணைக்காரர்கள் பொது நிலத்தை வளைத்துக்கொண்டு குடியேறிகளை விரட்டியதைத் தடுக்க 1885ல் இயற்றப்பட்டது அது. "அச்சட்டம் மனிதர்களுக்காக வந்தது, மான்களுக்காக அன்று" என்பது எதிர்வாதம். 1988ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பொது நிலத்தை வளைக்கும் வேலி யாருடைய நிலத்தில் நின்றாலும் சட்ட விரோதமே. வனவிலங்குகள் அந்நிலத்தில் மேய்வதும் சட்டம் காக்கும் பயன்களுள் அடங்கும் என்று தீர்ப்பாயிற்று.

தீர்வு மிக எளியது. வேலியை மான் நுழையுமாறு மாற்றினால் போதும். அடிக்கம்பி தரையிலிருந்து 16 அங்குல உயரத்தில், முள் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பிராங்ஹார்ன் குனிந்து போய்விடும். மாடும் வெளியே போகாது.

மகரந்தத் துகளும் மான் கூட்டமும்

வழியைக் காக்க வேண்டுமானால் வழி எங்கே என்று தெரிய வேண்டும். மானின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டினால், அதிலுள்ள கருவி செயற்கைக் கோள்களின் சமிக்ஞைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணக்கிடும். ஆனால் மின்கலத்தைச் சிக்கனப்படுத்த, சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பதிவு செய்யும். காலை ஆறு மணிக்கு இங்கே, எட்டு மணிக்கு அங்கே என்று தெரியும். இடையில் எவ்வழியே சென்றது?

இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. 1827ல் ராபர்ட் பிரௌன், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஒழுங்கின்றி ஆடுவதைக் கண்டார். 1905ல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அத்தகைய ஆட்டத்தின் தொடக்கமும் முடிவும் தெரிந்தால், இடையில் எங்கெங்கே எவ்வளவு நிகழ்தகவு என்று கணக்கிடலாம். இதற்குப் பிரௌனியன் பாலம் என்று பெயர். இரண்டு ஆணிகளுக்கிடையே தளர்வாகக் கட்டிய நூலை எண்ணிப் பாருங்கள். ஆணியருகே நூல் அதிகம் விலக முடியாது. நடுவில்தான் மிகுதியாக ஆடும். நமது ஐயமும் அப்படியே நடுவில் பெருகி முனைகளில் சுருங்குகிறது.

பல மான்களின் பாலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படத்தில் அடர்ந்த கோடாக ஒரு பாதை தோன்றுகிறது. 2009 முதல் வயோமிங் விஞ்ஞானிகள் இம்முறையை மியூல் மான்களுக்குப் பயன்படுத்தினர். அப்பாதையில் மான்கள் நாள்கணக்கில் தங்கி மேயும் இடங்களும் வெளிப்பட்டன. வலசைக் காலத்தில் சுமார் 95 சதவீதத்தை இத்தங்கல்களிலேயே அவை கழிக்கின்றன! அவ்விடங்களில் எரிவாயுக் கிணறுகளும் வண்டிகளும் பெருகினால் மான் மேயாமல் விரைந்து போய்விடும். பாதை திறந்திருந்தும் பயன் குறைந்துவிடும்.

பாதைக்குக் கிடைத்த காப்பு

பிரிஜர்-டீடன் தேசியக் காட்டின் நிர்வாகம் 2008ல், தன் எல்லைக்குள் அமைந்த பிராங்ஹார்ன் பாதையைக் காக்கத் தன் திட்டத்தைத் திருத்தியது. மத்திய அரசு அறிவித்த முதல் வலசைப் பாதை இதுவே. கிராண்ட் டீடன் பூங்காவிலிருந்து தெற்கே செல்லும் இப்பாதையில் டிராப்பர்ஸ் பாயிண்ட் என்ற குறுகிய கழுத்து ஒன்று உண்டு. அங்கே கிடைத்த எலும்புகள், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடி மக்கள் அவ்விடத்தில் பிராங்ஹார்னை வேட்டையாடியதைக் காட்டுகின்றன. பிறவாத குட்டிகளின் எலும்புகளும் அவற்றில் இருந்ததால், மான்கள் வசந்தத்தில்தான் அவ்வழியே சென்றன என்பதும் உறுதியாயிற்று. அக்கழுத்தை ஒரு நெடுஞ்சாலை வெட்டுகிறது. 2012ல் அங்கே 2 மேம்பாலங்களும் 6 சுரங்கவழிகளும் விலங்குகளுக்கென்றே கட்டி முடிக்கப்பட்டன. தொலைவரை பார்த்து நடக்கும் பிராங்ஹார்ன் பெரும்பாலும் மேம்பாலத்தையும், மியூல் மான் பெரும்பாலும் சுரங்கவழியையும் தேர்ந்தெடுத்தன.

2018 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சர் ரயன் ஸிங்கி, 11 மேற்கு மாநிலங்களில் எல்க், மியூல் மான், பிராங்ஹார்ன் ஆகியவற்றின் வலசைப் பாதைகளையும் குளிர்கால நிலங்களையும் மேம்படுத்த ஆணையிட்டார். 2020ல் வயோமிங் ஆளுநர் மார்க் கார்டன், மூன்று மியூல் மான் பாதைகளை முறைப்படி அங்கீகரித்தார். 2021ல் காங்கிரஸ், சாலைகளில் விலங்குகள் கடக்கும் வழிகளுக்காக ஐந்தாண்டுகளுக்கு 35 கோடி டாலர் ஒதுக்கியது.

இவற்றின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். நெடிய பாதை ஒன்றில் காட்டிலாகா நிலம், வேறு மத்திய இலாகாவின் நிலம், மாநில நிலம், தனியார் பண்ணை எல்லாம் மாறி மாறி வரும். ஓரிலாகாவின் ஆணை அதன் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். 2018ஆம் ஆண்டு ஆணை வழிகாட்டுவதே தவிர, பாதையில் எண்ணெய், எரிவாயுக் குத்தகை கூடாது என்று தடுக்கவில்லை. எஞ்சியது நில உரிமையாளரின் இசைவைப் பொறுத்தது. சங்கிலி எங்கே அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

பாதையை மறந்தால்

பாதை மானின் இரத்தத்தில் ஊறியது, தடை நீங்கினால் தானே திரும்பும் என்று சிலர் கருதலாம். 2018ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதை ஆராய்ந்தது. வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பெருங்கொம்புக் காட்டாடுகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலசை போகவே இல்லை. வலசைப் பழக்கம் மந்தையில் பரவ அவற்றுக்குச் சுமார் 40 ஆண்டுகளும், மூஸ் என்னும் பெரிய மான்களுக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளும் ஆயின. வழியைத் தாயிடமிருந்து குட்டி கற்கிறது. ஒரு தலைமுறை அறிந்ததை அடுத்தது சற்றே நீட்டுகிறது.

ஆகவே அடைபட்ட வழியால் ஒரு மந்தை அழிந்தால் மந்தை மட்டும் போவதில்லை. அது சேர்த்துவைத்த அறிவும் போகிறது. கம்பியை 16 அங்குலம் உயர்த்த ஒரு நாள் வேலை போதும். மறந்த வழியை மீண்டும் கற்க மான்களுக்கு ஒரு மனித ஆயுள் தேவைப்படும்.