நாடான குடியும் பட்டியலான குடியும்

நான் பிறந்த சமயத்தில் சோவியத் உடைந்துகொண்டிருந்தது. ஆனாலும் அதன் புத்தகங்கள் சாகவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அஞ்சுக்கும் பத்துக்கும் கிடைத்தன. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையை அப்படித்தான் படித்தேன். கிர்கிசிய மேய்ச்சல் கிராமம் ஒன்று. அரைகுறையாகப் படித்த ஒரு ஆள் பாழடைந்த குதிரைக் கொட்டடியில் பள்ளிக்கூடம் நடத்துகிறான். வயசான ஒருவனுக்கு வலுக்கட்டாயமாகக் கட்டிவைக்கப்பட்ட அநாதைப் பெண்ணை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். சேரியிலிருந்து படிக்க வந்த யாருக்கும் அந்தக் கொட்டடிப் பள்ளி அந்நியமாகத் தோன்றாது.

இதை வைத்துத்தான் நம்ம தோழர்கள் வகுப்பெடுப்பார்கள். குலக்குழுவாகக் கிடந்த மக்களை சோஷலிசம் ஒரே தலைமுறையில் நவீன தேசிய இனமாக்கியது. முதலாளியக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கவைத்தது. 1920-இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில் லெனின் சொன்ன வழிதான் இது. சரி, குதித்தவர்களுக்கு என்ன ஆயிற்று? அதே காலத்தில், தானும் சோஷலிச வழியில் போவதாகச் சொன்ன இந்திய அரசின் கீழ் கொல்லிமலை மக்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

1924-இல் மாஸ்கோ மத்திய ஆசியாவை அளந்து பிரித்தது. அதற்கு முன்னால் ரஷ்யர்கள் கசாக்குகளையே 'கிர்கிஸ்' என்றார்கள்; இன்றைய கிர்கிசியரைக் 'கருப்புக் கிர்கிஸ்' என்றார்கள். பேரே அடுத்தவன் வைத்ததுதான். முதலில் சுயாட்சி வட்டாரம், 1926-இல் சுயாட்சிக் குடியரசு, 1936-இல் ஒன்றியக் குடியரசு என்று படிப்படியாக அந்தஸ்து ஏறியது. அரபு எழுத்து போய் லத்தீன் வந்தது. 1940 வாக்கில் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. இருபது வருசத்துக்குள் மூன்று எழுத்து! அப்பன் எழுதியதை மகன் படிக்க முடியாது. ஆனாலும் எழுதத் தெரிந்தவர்கள் பெருகினார்கள், அதை மறுக்க முடியாது. பெண்ணுக்கு விலை பேசுவது குற்றமானது. வாய்மொழியாகவே இருந்த 'மனாஸ்' காவியம் தாளில் ஏறியது. 1952-இல் அதே காவியம் பிற்போக்கு என்று விசாரணைக்கும் ஆளானது.

பக்கத்துக் கசாக் மண்ணில் நாடோடிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஆடு மாடுகளைக் கூட்டுப்பண்ணைக்குப் பிடுங்கினார்கள். 1930-33 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். நம் வகுப்புகளில் இந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டியதில்லை.

ஐத்மாத்தவின் அப்பா தொரெகுல் ஐத்மாத்தவ் கிர்கிசியக் கட்சித் தலைவர்களில் ஒருவர். அந்தத் தேசத்தைக் கட்டிய கைகளில் அவருடையதும் ஒன்று. 1937-இல் அவரைக் கைது செய்தார்கள், 1938-இல் சுட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாது. 1991-இல்தான் சோங்தாஷ் என்ற இடத்தில், ஒரு பழைய செங்கல் சூளைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளோடு அவரும் கிடைத்தார். 'முதல் ஆசிரியர்' எழுதியவர், அப்பன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலேயே அதை எழுதினார். 2008-இல் அவரையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

இனி நம்ம மலை. தமிழ் எம்.ஏ. வகுப்பில் கொல்லிமலை இரண்டே இரண்டு பேரால் ஆனது: ஓரி, கொல்லிப்பாவை. ஓரியைக் காரி கொன்றான், மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பரீட்சைக்கு அது போதும். மலையில் சாமை விதைத்தவர்கள் யார் என்று எந்த உரையாசிரியரும் கேட்கவில்லை. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா எடுக்கிறது. மலையாளிகளுக்கு அந்த விழாவில் கிடைக்கும் இடம் மேடையில் ஆடிக்காட்டும் இடம்.

ஆனால் மலைக்குள் போனால் வேறொரு அரசியல் சொல் கிடைக்கிறது. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு, குண்டூர்நாடு... இன்றைக்கும் பதினாலு ஊராட்சிகளுக்கும் பேர் இப்படித்தான். நாடு! பட்டக்காரர், ஊர்க்கவுண்டர், காரியக்காரர் என்று அதற்கு ஒரு நிர்வாகம். கல்யாணம், வழக்கு, நிலச் சண்டை, அபராதம் எல்லாம் அங்கேயே முடியும். பட்டக்காரர் எல்லாரும் ஆண்கள்தான். அதைப் புனிதமாக்க நான் தயாரில்லை. ஆனால் எல்லையும் ஆளும் முறையும் பேரும் உள்ள ஒன்றைக் 'காட்டுவாசிக் கூட்டம்' என்று எப்படிச் சொல்வது?

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. ஆவடியிலிருந்து கொல்லிமலைக்கு என்ன வந்தது? எழுபது கொண்டை ஊசி வளைவோடு ரோடு, உண்டு உறைவிடப் பள்ளி, லேம்ப் கூட்டுறவுச் சங்கம், ரேசன் அரிசி. எல்லாமே மேலே ஏறி வந்தவை. கீழே இறங்கிப் போனது மிளகு, காபி, பலா, எல்லாவற்றுக்கும் மேலாகக் குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி நின்றுபோனதால் சேலத்தில் பிறந்தது சேகோ தொழில். மில்லுக்குக் கிழங்கு வேண்டும், அதற்கு மலை வேண்டும். சாமை, பனிவரகு, தினை போட்ட காடெல்லாம் கிழங்குக் காடாச்சு. "சாமைச் சோறு தின்னா ஒரு நாளு தாங்கும், இப்ப காசு வருது, அரிசியாப் போயிருது" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். மில்லுக்காரர்கள் தங்கள் மாவை விற்க 1981-இல் சேகோசர்வ் என்று கூட்டுறவு வைத்துக்கொண்டார்கள். கூட்டுறவு மில் முதலாளிக்கு, கிழங்கு தோண்டுகிறவருக்கு வியாபாரி சொல்லும் விலை. நம்ம ஊர் சோஷலிசத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

கிர்கிசியருக்கு எல்லை போட்டுக் கொடுத்தார்கள்; இவர்களுக்குக் கிடைத்தது பட்டியல். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அதனால் 1996-இன் பெசா சட்டமும் இங்கே செல்லாது. பதினாலு நாடும் சாதாரண ஊராட்சிதான். 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே பெரிய கூட்டம். அந்த எண்ணிக்கைக்கு என்ன பலம் என்று வாச்சாத்தியில் பார்த்தோம். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் தருமபுரி மாவட்டத்து அந்த மலையாளி ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருசம். மலைவாழ் மக்கள் சங்கத்தின் செங்கொடித் தோழர்கள் கூடவே நின்றார்கள். அந்தக் கொடியின் மீது எனக்கு இருக்கும் மரியாதை சோவியத் புத்தகத்தால் வந்ததில்லை, வாச்சாத்தியால் வந்தது.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். மலையாளிகள் தங்களைக் கவுண்டர் என்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று வேளாளச் சகோதரர்கள் வந்து மலையேறினார்கள், வேறு வேறு சாதிப் பெண்களைக் கட்டினார்கள் என்று பூர்வீகக் கதை. அந்தப் பெண்களின் வழியைச் சொல்லி யாரும் பட்டம் போட்டுக்கொள்ளவில்லை. கீழ்நாட்டுச் சாதி ஏணி மலைமேலேயும் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தேசமான கிர்கிசியாவிலும் 2010 ஜூனில் ஓஷ் நகரத்தில் உஸ்பெக்குகள் வீடு எரிந்தது. இரு தரப்பிலும் நானூறுக்கும் மேல் செத்தார்கள், அதிகம் உஸ்பெக்குகள். 1924-இல் போட்ட கோட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

நம் கோடும் லேசுப்பட்டதில்லை. 1976-இல் திருத்திய பட்டியலில் மலையாளிகள் சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும் பழங்குடி. கோயமுத்தூர் பேர் இல்லை. அதிலிருந்து 1979-இல் ஈரோடு பிரிந்தது. ஈரோட்டுப் பர்கூர் மலை மலையாளிகள் பழங்குடி இல்லை என்றாகிவிட்டது. சேலத்துப் பாலமலையில் சான்றிதழ் உண்டு; பர்கூரில் அதே குலம், அதே சாமி, சான்றிதழ் கிடையாது. மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.