சகோதர மக்களின் நலம்

சாலமோன் அரசர் மறைந்தபின் இஸ்ரயேல் மக்கள் செக்கேமில் ஒன்றுகூடி, புதிய அரசனாகிய ரெகபெயாமிடம் தங்கள் நுகத்தின் பளுவைச் சற்றே குறைக்குமாறு மன்றாடினர். அவனோ முதியோரின் அறிவுரையைப் புறக்கணித்து, தன்னுடன் வளர்ந்த இளையோரின் சொல்லுக்குச் செவிகொடுத்து, கடுமொழி பேசினான். பத்துக் குலங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. பிரிந்தோரை மீண்டும் பணியவைக்க 1,80,000 போர்வீரர் திரண்டனர். அப்போது இறைவாக்கினர் செமாயா எழுந்து, எதிரே நிற்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள்மேல் படையெடாது வீடு திரும்புங்கள் என்னும் இறைவனின் கட்டளையை அறிவித்தார். திரண்ட படை கலைந்து சென்றது என்கிறது அரசர்கள் முதல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம்.

நம் மறையுரைகளில் இந்நிகழ்ச்சி அதிகம் இடம்பெறுவதில்லை. பிரிந்தவர் செய்தது சரியா தவறா என்றே நாம் வழக்காடுகிறோம். ஆனால் பிரிவு நிகழ்ந்துவிட்ட பின்னர், விடப்பட்டவன் என்ன செய்கிறான் என்பதே அமைதியா போரா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த உண்மையை அண்மைக் கால வரலாற்றில் தெளிவாகக் காட்டுவது, 1905ஆம் ஆண்டில் நார்வே நாடு சுவீடனோடு கொண்டிருந்த ஒன்றியத்தை விட்டு விலகிய நிகழ்ச்சியாகும்.

அந்த ஒன்றியம் மக்களின் விருப்பத்தால் பிறந்ததன்று. நெப்போலியன் காலத்துப் போர்களின் முடிவில், 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கையின்படி, டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த நார்வே சுவீடனின் அரசருக்குக் கையளிக்கப்பட்டது. நார்வே மக்களின் பிரதிநிதிகள் அதை ஏற்க மறுத்து, எய்ட்ஸ்வோல் என்னும் ஊரில் கூடி, அவ்வாண்டு மே 17ஆம் நாள் தங்களுக்கென ஓர் அரசியலமைப்பை இயற்றினர். கோடையில் நடந்த குறுகிய போருக்குப்பின் இரு தரப்பும் இணங்கிவந்தன. நார்வே தன் நாடாளுமன்றத்தையும் சட்டங்களையும் வைத்துக்கொண்டது. அரசரும் அயல்நாட்டுறவும் மட்டும் இரு நாடுகளுக்கும் பொதுவாயின.

இவ்வாறு தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. இரு நாட்டவரின் மொழிகள் ஒன்றையொன்று ஒத்தவை. இருவரும் லூத்தரன் சபையினர். எனினும் மனத்தாங்கல் வளர்ந்தது. நார்வேயின் வணிகக் கப்பல்கள் உலகத் துறைமுகங்களெங்கும் சென்றன. அக்கப்பலோட்டிகளின் நலன் காக்கும் வாணிகத் தூதர்களோ சுவீடனின் அயலுறவு அமைச்சகத்தின்கீழ் இருந்தனர். எங்கள் கடலோடிகளுக்கு எங்கள் தூதர்களே வேண்டும் என்று நார்வே கேட்டது. சிறியதோர் அலுவலகக் கோரிக்கை போல் தோன்றிய இதனுள், நாங்கள் உங்களுக்குச் சமமானவர்களா இல்லையா என்ற பெரிய வினா அடங்கியிருந்தது.

1905 மே மாதத்தில் நார்வே நாடாளுமன்றம் தனித் தூதர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டாம் ஆஸ்கர் மன்னர் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். நார்வே அமைச்சரவை பதவி விலகியது. வேறு அமைச்சரவை அமைக்க மன்னரால் இயலவில்லை. ஜூன் 7ஆம் நாள், நெடிய விவாதம் ஏதுமின்றி, நாடாளுமன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது: அரசாங்கம் அமைக்க இயலாத மன்னர் நார்வேயின் மன்னராக இயங்குவது நின்றுவிட்டது, ஆகவே ஒரே மன்னரின்கீழ் இருந்த ஒன்றியமும் கலைந்தது. அதே முடிவில், மன்னரின் குடும்பத்து இளவரசர் ஒருவரே நார்வேயின் அரியணை ஏற அவர் இசைவு தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. கதவை மூடும்போதும் பலகணியைத் திறந்துவைத்த செயல் அது. இரு நாள்களுக்குப்பின் தலைநகர் கிறிஸ்டியானியாவின் கோட்டையில் ஒன்றியக் குறி பொறித்த கொடி இறக்கப்பட்டு, நார்வேயின் தனிக்கொடி ஏறியது. மக்கள் அந்த ஒன்றியக் குறியை அதன் கலவை நிறங்களைக் கண்டு, மீன் கலந்த ஓர் உணவின் பெயரால் ஏளனமாய் அழைத்து வந்தனர். அன்று அந்த ஏளனத்துக்கும் விடை கொடுத்தனர்.

சுவீடனில் எழுந்த உணர்ச்சி வேறு. முதிய மன்னர் நெஞ்சுடைந்து போனார். 1872இல் அரியணை ஏறியபோது அவர் தம் ஆட்சியின் குறிக்கோளுரையாகத் தேர்ந்திருந்தது, சகோதர மக்களின் நலம் என்னும் பொருள்படும் சொற்களையே. அந்த மக்களுள் ஒரு பகுதியினர் இப்போது அவரை வேண்டாம் என்றனர். இது நன்றிகேடு என்றனர் பலர். புரட்சி என்றனர் வேறு பலர். வாளால் பதில் சொல்லவேண்டும் என்ற குரலும் எழுந்தது. அன்று நார்வேயின் மக்கள்தொகை சுமார் 23 இலட்சம். சுவீடனின் மக்கள்தொகை அதைப்போல் இருமடங்குக்கும் மேல். படைவலிமை எப்பக்கம் என்பது எவருக்கும் தெரிந்ததே.

ஆனால் சுவீடனுக்குள்ளேயே செமாயாவின் குரல்களும் ஒலித்தன. சமூக சனநாயகக் கட்சியின் தலைவர் யால்மார் பிராண்டிங், அண்டை மக்கள்மீது படை ஏவுவதை வெளிப்படையாக எதிர்த்தார். ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்ற அறிக்கையை எழுதிய இளைஞர் செத் ஹோக்லுண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அமைதி இயக்கத்தின் முன்னோடியான கிளாஸ் பொன்டுஸ் ஆர்னல்ட்சன், நார்வேயின் உரிமைக்காகப் பேசியதால் தம் நாட்டவராலேயே துரோகி எனத் தூற்றப்பட்டார். இறைவாக்கினர் தம் சொந்த ஊரில் பெறும் மதிப்பு எத்தகையதென்று நாம் அறிவோம்.

சுவீடனின் நாடாளுமன்றம் கூடி, இரண்டு செயல்களை ஒருங்கே செய்தது. தேவை ஏற்படின் பயன்படுத்த 10 கோடி குரோனர் கடன் பெற வழிசெய்தது. அது சினத்தின் குரல். பிரிவைப் பற்றிப் பேசுமுன் நார்வே மக்களே தங்கள் விருப்பத்தை வெளியிட வேண்டும் என்றும் கேட்டது. அது நிதானத்தின் குரல். ஒரு நாடாளுமன்றத்தின் சினமா, மக்களின் உள்ளமா என்பதை அறிய விழைந்த அந்தக் கேள்வியே போருக்கும் அமைதிக்கும் இடையில் நின்றது.

இதை எதிர்பார்த்திருந்த நார்வே தானே வாக்கெடுப்பை அறிவித்தது. ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை. கலைந்த ஒன்றியத்துக்கு இசைகிறீர்களா என்பதே வினா. ஆம் என்றோர் 3,68,208 பேர். இல்லை என்றோர் 184 பேர். வாக்குரிமை பெற்றோருள் நூற்றுக்கு 85 பேர் வாக்களித்திருந்தனர்.

பெண்களுக்கோ அன்று வாக்குரிமை இல்லை. ஆயினும் அவர்கள் வீட்டில் அமர்ந்து விடவில்லை. பிரெட்ரிக்கே மாரீ குவாம் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டி, இரண்டே வாரங்களுக்குள் 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் ஒப்பத்தை நாடாளுமன்றத்தின்முன் வைத்தது. எண்ணப்படாதவர்கள் தங்களைத் தாங்களே எண்ணிக் காட்டினர். நார்வேப் பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றது 1913இல்.

அந்த 184 பேரையும் நாம் மறத்தலாகாது. நாடே ஒருமுகமாய்த் திரண்டு கொடி பிடித்து நின்ற நாளில் இல்லை என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அவர்களது கருத்து தவறாயிருக்கலாம். அவர்களது மனச்சான்று அவர்களுடையது. பெரும்பான்மை எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவுக்குச் சிறுபான்மையைக் காக்கும் கடமையும் பெரிதாகிறது.

எனினும் வாக்குச்சீட்டு எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை. ஆகஸ்டு 31ஆம் நாள் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் இரு நாட்டுப் பேராளர்களும் எதிரெதிரே அமர்ந்தனர். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே எல்லையின் இருபுறமும் படைகள் நின்றன. சில நாள்கள் பேச்சு முறிந்துவிடும் போலிருந்தது. நார்வே அண்மையில் எல்லையில் எழுப்பியிருந்த அரண்களை இடிக்கவேண்டும் என்பது சுவீடனின் பிடிவாதம். தம் கையால் கட்டியதைத் தம் கையாலேயே தகர்ப்பதா என்று நார்வே மக்கள் கொதித்தனர். ஒப்பந்தத்தை ஏற்க முன்வந்த தலைமை அமைச்சர் கிறிஸ்டியான் மிக்கெல்சன், தம் மக்களுள் ஒரு சாராரின் கடுஞ்சொற்களைச் சுமக்க நேர்ந்தது.

செப்டம்பர் 23ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. எல்லையின் இருபக்கமும் படையற்ற நடுநிலை மண்டலம். புதிய அரண்கள் இடிக்கப்படும், பழம்பெரும் கோட்டைகள் வரலாற்றுச் சின்னங்களாய் நிற்கும். வருங்காலப் பிணக்குகள் தி ஹேக் நகர நடுவர் மன்றத்திடம் செல்லும். வடபுலத்தில் எல்லைக்கோடு அறியாது பனிமான்களை மேய்த்துத் திரியும் சாமி இனத்தாரின் மேய்ச்சல் உரிமைக்கும் அந்த உடன்பாட்டில் இடமிருந்தது. அக்டோபர் 26ஆம் நாள் மன்னர் ஆஸ்கர் நார்வேயின் முடியைத் துறந்தார். தம் குடும்பத்து இளவரசரை அனுப்ப அவர் இசையவில்லை. நவம்பரில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பின்பின், டென்மார்க்கின் இளவரசர் ஒருவர் ஏழாம் ஹோகோன் என்ற பெயரோடு நார்வேயின் அரசரானார். ஒருவர்மீதும் ஒருவர் சுடவில்லை.

இங்கே செமாயாவின் கதைக்குத் திரும்புவோம். அன்று கலைந்த படையோடு அக்கதை நிறைவுறவில்லை. பிரிந்துபோன எரொபவாம், தன் மக்கள் வழிபாட்டுக்காக எருசலேமுக்குச் சென்றால் மனம் மாறிவிடுவார்களோ என்று அஞ்சி, பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுவினான். அச்சத்தால் எழுப்பிய அந்த அரண்கள் பிளவை நிலைப்படுத்தின. பின்னர் இரு அரசர்களுக்குமிடையே போர் ஓயவில்லை என்று திருவிவிலியம் வருந்திச் சொல்கிறது. விடப்பட்டவன் வாளை உறையிலிட வேண்டும். விலகியவன் அச்சத்தின் அரண்களை இடிக்கவேண்டும். இரண்டும் நடந்தால்தான் பிரிவு பகையாகாது. ரெகபெயாமும் எரொபவாமும் பாதி வழியே வந்தனர்; கார்ல்ஸ்டாட்டில் இரு தரப்பும் மனக்கசப்போடேனும் முழு வழியையும் நடந்தன.

அதன் கனி உடனே தெரியவில்லை. ஆர்னல்ட்சனுக்கு 1908இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தபோது சுவீடனில் பலர் சினந்தனர். நோபல் தம் உயிலில் அமைதிப் பரிசை வழங்கும் பொறுப்பை நார்வேயின் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கே அளித்திருந்தார். ஒன்றியம் கலைந்த பின்னரும் அந்த ஏற்பாடு மாறவில்லை. 1921இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டோர் இருவர்: சுவீடனின் பிராண்டிங், நார்வேயின் கிறிஸ்டியான் லாங்கே. 1914 ஆகஸ்டில், ஐரோப்பா முதல் உலகப்போரில் இறங்கிய அதே வாரங்களில், இரு நாட்டு எல்லையில் அமைதி நினைவுத்தூண் ஒன்று திறந்துவைக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. 1940இல் நார்வே ஜெர்மானியரின் பிடியில் வீழ்ந்தபின், நடுநிலை வகித்த சுவீடன் தன் இருப்புப்பாதை வழியே ஜெர்மானியப் படைவீரர் செல்ல 1943 வரை இடங்கொடுத்தது. நார்வே மக்கள் அதை எளிதில் மறக்கவில்லை. எனினும் உயிர் தப்பி ஓடிவந்த பல்லாயிரம் நார்வே நாட்டவர்க்கு அடைக்கலம் தந்ததும் அதே சுவீடன்தான். அவர்களுள் நாசிகள் வேட்டையாடிய யூதர்களும் இருந்தனர். 1954 முதல் வடபுல நாடுகளிடையே மக்கள் தடையின்றிச் சென்று வேலை செய்யலாயினர். ஒன்றியம் போயிற்று, உறவு நின்றது.

புனித அகுஸ்தினார் தம் இறைநகர் நூலில், ஒரு நகரில் பல வீடுகள் அடுத்தடுத்து இருப்பதுபோல உலகில் பல சிறு அரசுகள் அண்டையாரோடு இணக்கமாய் வாழ்வதே மனிதருக்கு நலம் என்று கருதுகிறார். பெரிய கூரை ஒன்றின்கீழ் எல்லாரையும் அடைத்துவைப்பதே ஒற்றுமை என்று அவர் எண்ணவில்லை.

நார்வேயின் வழி எல்லார்க்கும் எளிதன்று. அங்கே மக்கள் ஏறத்தாழ ஒரே குரலில் பேசினர். 2016 ஜூன் 23ஆம் நாள் பிரித்தானியர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபோது, ஆதரவு நூற்றுக்கு 51.9; எதிர்ப்பு 48.1. அங்கே பிளவு எல்லையில் அன்று, வீட்டுக்குள்ளேயே விழுந்தது. வென்றோர் சிலரின் எக்களிப்பையும் தோற்றோர் சிலரின் ஏளனத்தையும் உலகம் கண்டது. 2020 ஜனவரி 31இல் அந்நாடு வெளியேறும்வரை அந்தக் காயம் ஆறவில்லை. அதன்பின்னும் முற்றும் ஆறிவிட்டதெனச் சொல்வதற்கில்லை. வாக்குகளை எண்ணுவது ஓரிரவு வேலை; வாக்களித்தவர் ஒருவர் முகத்தை ஒருவர் மீண்டும் பார்ப்பது நெடுநாள் வேலை.

நம்மிடையேயும் கிளைப்பங்கு ஒன்று தனிப்பங்காகும் நாளில், தாய்ப்பங்கினர் மனம் நோகக் காண்கிறோம். உடன்பிறந்தோர் பாகம் பிரித்துக்கொள்ளும் நாளில், இடையே சுவர் எழுகிறது. அந்த வேளைகளில் நம் நாவில் முதலில் வரும் சொல் எது என்பதை நாம் கவனித்தல் தகும்.

மன்னர் ஆஸ்கர் 1905இல் தம் குறிக்கோளுரையிலிருந்து சகோதர மக்கள் என்ற சொல்லை நீக்கி, சுவீடனின் நலம் என மாற்றிக்கொண்டார். நொந்த உள்ளத்தின் செயல் அது. 1907 டிசம்பரில் அவர் மறைந்தார். நார்வேயின் அரியணைக்கு அன்று பெயர் பேசப்பட்டவருள் ஒருவர் அவர் மகன் கார்ல் இளவரசர். அக்கார்லின் மகள் மார்த்தாவை 1929இல் நார்வேயின் பட்டத்து இளவரசர் ஓலாவ் மணந்தார். அவர்களின் மகன் ஐந்தாம் ஹரால்டு 1991இல் நார்வேயின் அரியணை ஏறினார். ஆஸ்கர் உரிமையாகப் பற்றியிருந்து இழந்த வீட்டுக்குள், அவருடைய கொள்ளுப்பேரன் அன்பின் வழியே நுழைந்தார். மன்னர் அழித்த அந்தச் சொல்லை இறைவன் அழித்துவிடவில்லை.