முத்திரையும் சட்டமும்: பிரித்தானியப் பண்ணைக் கோழிகள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியக் கோழி வளர்ப்பு தொழிற்சாலை முறைக்கு மாறியது. அதன் கொடுமையை 1964இல் றூத் ஹரிசன் ‘விலங்கு இயந்திரங்கள்’ என்னும் நூலில் அம்பலப்படுத்தினார். அரசு நியமித்த பிரம்பெல் குழு, விலங்கு எழவும், படுக்கவும், திரும்பவும், தன்னைக் கோதிக்கொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டுமென 1965இல் அறிக்கையிட்டது. ஆயினும் கூட்டு வளர்ப்பு நீடித்தது.

முட்டையைப் பார்த்துக் கோழியின் வாழ்வை அறிய முடியாது. இவ்வறியாமையே உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பாயிருந்தது. 1994இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடக்கிய ‘ஃபிரீடம் ஃபூட்’ சான்றிதழ்த் திட்டம், கூடுகளை ஒழித்த பண்ணைகளைப் பரிசோதித்து முத்திரை வழங்கியது. மாற்று உற்பத்தி சந்தையில் நிலைக்கக்கூடும் என்பது இதனால் நடைமுறையில் புலனாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டுப் பணிப்புரை வெறுங்கூடுகளை 2012 முதல் முற்றாகத் தடைசெய்தது. வசதி சேர்த்த கூடுகளை அனுமதித்தது. முத்திரையோ அவற்றையும் ஏற்கவில்லை.

எனினும் சான்று பெறும் பண்ணையே அதற்கான கட்டணத்தைச் செலுத்துகிறது. சான்று பெற்ற பண்ணைகளில் இரகசியமாகப் பிடிக்கப்பட்டு 2024இல் வெளியான படங்கள் பரிசோதனையின் வலுவை ஐயத்துக்குள்ளாக்கின. எனவே, முன்னறிவித்தலற்ற பரிசோதனையும் பகிரங்க அறிக்கையும் இன்றிச் சுயாதீனம் வெறும் சொல்லே. சான்றிதழ் வழியைக் காட்டலாம். அவ்வழியை அனைவருக்கும் கட்டாயமாக்குவது சட்டமே.